ரயிலையும் ஆளையும் சேர்த்து வைக்காதீர்கள்

அனுப்புநர்
மாநகரப் பேருந்துப் பயணி ஒருவர்,
பின்வாசல் படிக்கட்டு,
சென்னை.

பெறுநர்
சென்னைப் பெருநகரின் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும் அமைச்சர் பெருமக்கள், உயர் அலுவலர்கள், ஆலோசனை நிறுவனத்தார்.

பொருள்: நகரமைப்பு – மூன்றாம் முழுமைத் திட்டம் – ரயிலும் ரயிலில் ஏறுவோரும் ஒருவரை ஒருவர் சந்திக்காமல் இத்தனை காலம் காத்து வந்தமை – பாராட்டும் பரிந்துரையும் – தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் ஆயுள் 2026 வரைக்கும்தான். அடுத்த இருபது ஆண்டுக்கான திட்டம் தயாராகிக்கொண்டிருக்கும் இந்த நல்ல நேரத்தில், இதுவரை தாங்கள் ஆற்றிய பணியைப் பாராட்டாமல் விட்டால் நான் நன்றி கெட்டவனாவேன்.

‘சென்னையில் திட்டமே கிடையாது, எல்லாம் தான்தோன்றித்தனம்’ என்று அரற்றுகிறவர்கள் சகவாசம் எனக்கு வேண்டாம். ஒருமுறை நடந்தால் தவறு என்று சொல்லலாம். முப்பது வருஷம் விடாமல் ஒரே மாதிரி நடந்தால் அதற்குப் பெயர் கொள்கை. எனக்குப் புரிந்தவரை அந்தக் கொள்கை இதுதான்: ரயில் போகும் இடத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் இருக்கும் இடத்துக்கு ரயில் போகக் கூடாது. காவலை மீறி இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துவிட்டால், இரண்டில் ஒன்றை உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

கோயம்பேட்டில் அப்படி ஒரு விபத்து நேர்ந்ததை நாடறியும். 2002-ல் அங்கே வெளியூர்ப் பேருந்து நிலையம் திறந்தார்கள். 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோ ரயில் அந்த வாசலிலேயே வந்து நின்றது. மதுரையிலிருந்து மூட்டை முடிச்சோடு விடிகாலையில் இறங்குகிறவர் நாலு எட்டு நடந்து குளிரூட்டிய ரயிலில் ஏறி வீடு போகலாம் என்கிற அபாயகரமான நிலைமை உருவாகிவிட்டது. நல்லவேளை, தாங்கள் விழித்துக்கொண்டீர்கள். எட்டரை ஆண்டுதான். 2023 டிசம்பர் 30 அன்று, வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதிய பேருந்து முனையம் திறந்து, தென்மாவட்டப் பேருந்துகளை அங்கே அனுப்பிவைத்தீர்கள். மெட்ரோ கோயம்பேட்டில், பேருந்து கிளாம்பாக்கத்தில். பந்தலை ஓர் ஊரில் போட்டுப் பந்தியை அடுத்த ஊரில் வைத்தால் விருந்தாளி எக்கேடு கெட்டால் என்ன, சமையல்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதல்லவா.

இதில் என்னை மெய்சிலிர்க்க வைப்பது இன்னொன்று. அந்த முனையத்துக்கு எதிரே, சாலையின் மறுபுறம், புறநகர் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றுப் போட்ட பாதை அல்ல, வெள்ளைக்காரன் காலத்துத் தண்டவாளம். வண்டலூரிலும் ஊரப்பாக்கத்திலும் நிற்கும் ரயில், முனையத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது. திறப்பு விழா அன்று அங்கே நிற்க ஒரு நிலையம் இல்லை. சாலையைத் தாண்ட ஒரு நடைமேம்பாலம் இல்லை. ரயில் நிலையம் கட்டும் பணி தொடங்கியது பேருந்துகளைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகு. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை 15.5 கிலோமீட்டர் நீட்டுவது அப்போது ஏட்டில் இருந்தது. 2024 பிப்ரவரியில், ஊருக்குப் போகப் பேருந்து கிடைக்காமல் நள்ளிரவில் சாலையை மறித்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஏட்டை வாசித்துக் காட்டியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

எதற்காக இந்த இடமாற்றம்? நகருக்குள் நெரிசலைக் குறைக்க. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வரும் பேருந்து நெரிசல். ஒரே ஒருவரை ஏற்றிக்கொண்டு வரும் கார் வளர்ச்சி. வளர்ச்சியை ஊருக்கு வெளியே அனுப்ப முடியாது, அதனால் நெரிசலை அனுப்பினீர்கள்.

ஆள் இல்லாத இடத்துக்கு ரயில் விடும் கலையில் தங்கள் சாதனை இதற்கும் மூத்தது. பறக்கும் ரயிலைச் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. வீடுகளும் கடைகளும் பேருந்துத் தடங்களும் இருக்கும் சாலையில் போனால் யாராவது ஏறிவிடுவார்கள் என்று, பாதையைப் பக்கிங்காம் கால்வாயோடு கொண்டுபோய், தூண்களைத் தண்ணீரிலேயே இறக்கினார்கள். நிலையங்கள் ஒவ்வொன்றும் அரண்மனை அளவு. மேல்தளங்களில் கடைகள் வரும் என்றார்கள், வௌவால்கள் வந்தன. சுற்றியுள்ள நிலத்தை என்ன செய்வது என்று எந்தத் திட்டமும் கவலைப்படவில்லை. தரமணிப் பக்கம் இறங்கிப் பாருங்கள், நிலையத்தைச் சுற்றிக் கல்வி வளாகங்களின் மதில்கள் நீளும். மதிலுக்கு டிக்கெட் எடுக்கத் தெரியாது. பிறகு ‘பறக்கும் ரயிலில் கூட்டமே இல்லை, நஷ்டம்’ என்று ரயிலின் மேல் குற்றப்பத்திரிகை படித்தார்கள்.

அதே ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர் நீட்டிவிட்டால் புறநகர் ரயிலோடும் மெட்ரோவோடும் சேர்ந்துவிடும். கொள்கைக்கு எவ்வளவு பெரிய ஆபத்து! 2008 வாக்கில் பணி தொடங்கியது. நிலத்தை எடுத்துவிட்டு ரயிலைத் தொடங்குவது பிற ஊர் வழக்கம். இங்கே தூண்களை நட்டுவிட்டு நிலத்துக்கு விலை பேசினார்கள். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலம், இழப்பீட்டு வழக்கு, தடையாணை. இரண்டு பக்கமும் பாலம் நிற்க, நடுவில் வெட்டவெளி. பணி தொடங்கிப் பதினைந்து ஆண்டு கழித்தும் ரயில் ஓடவில்லை.

வழக்குப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. தம் நிலத்துக்கு நியாய விலை கேட்பது அவர்கள் உரிமை. அந்த உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதுதான் இந்த மனுவின் மையம். பட்டா உள்ளவர் நீதிமன்றம் போனால் ரயிலே பதினைந்து வருஷம் நிற்கும். பட்டா இல்லாதவர் தரையில் குறுக்கே படுத்தாலும் பொக்லைன் பதினைந்து நிமிஷம்கூட நிற்காது.

அந்தப் பட்டா இல்லாதவர்களுக்கு வருகிறேன். கொள்கையின் இரண்டாம் பாகம் இவர்களை வைத்துத்தான் அரங்கேறியது. கூவம் கரை, அடையாற்றங்கரை, கால்வாய்க் கரை, ரயில் பாதையோரம். சிந்தாதிரிப்பேட்டையிலும் சேத்துப்பட்டிலும் மயிலாப்பூரிலும் கூப்பிடு தூரத்தில் வேலை, நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம், கையைக் காட்டினால் நிற்கும் பேருந்து என்று பொறுப்பில்லாமல் வாழ்ந்தவர்கள். இந்த ஊரில் பேருந்தையும் ரயிலையும் உண்மையிலேயே நம்பி வாழ்ந்த ஜனங்கள் யாரென்று கேட்டால் முதல் வரிசையில் இவர்கள் வருவார்கள். காரில் போ என்று எந்த ஆலோசகர் சொன்னாலும் இவர்களால் போக முடியாது. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, 2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், பழைய வீட்டிலிருந்து வெகுதூரத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினீர்கள். மூன்று இடத்திலும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு நகராட்சிக்குச் சமமான மக்கள்தொகை. எந்தக் குடியிருப்புக்கும் ரயில் கிடையாது.

குடிசை மாற்று வாரியத்தை 1970-ல் தொடங்கியபோது நிலைமை இவ்வளவு முன்னேறியிருக்கவில்லை. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். இருந்த இடத்திலேயே கட்டலாம் என்பது இன்றைக்கும் தெரியாத ரகசியமல்ல. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அப்படித்தான் ஒன்பது மாடி எழுப்பினீர்கள். 2021-ல் அதன் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு கொட்டியது வேறு கதை. ஒரே இடத்தில் உயரமாகக் கட்ட முடியும் என்றால், பெரும்பாக்கம் எதற்கு? சேத்துப்பட்டு நிலத்தின் விலை அவர்களைச் சுமக்காது, அதற்கு.

கண்ணகி நகரிலிருந்து வீட்டு வேலைக்கு அடையாறும் மயிலாப்பூரும் வரும் பெண்களிடம் கேளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. அது உண்மையிலேயே நல்ல காரியம், அதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றுமில்லை. டிக்கெட்டை இலவசமாக்கினீர்கள், தூரத்தை அவர்கள் தலையில் கட்டினீர்கள். இருட்டில் எழுந்து சோறு பொங்கி, பேருந்துக்கு நின்று, நெருக்கியடித்து ஏறி, தான் முன்பு குடியிருந்த தெருவையே ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அந்த மணி நேரங்களை எந்தத் துறை திருப்பித் தரும்?

2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். பறக்கும் ரயில் தொடர்ந்து வரும் அதே பக்கிங்காம் கால்வாயின் கரை. உச்ச நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீடுகளை இடிக்க வந்தார்கள். ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அதற்குப் பிறகு, பக்கத்திலேயே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியில் இவர்களுக்கு வீடு ஒதுக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஐயா, அம்மையீர், இதை ஒருமுறை நிறுத்தி வாசியுங்கள். பக்கத்தில் வீடு தர முடியும் என்பது ஒரு மனிதன் எரிந்த பிறகு தெரிய வந்தது. தங்கள் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த வீடுகளுக்கான இடம் அதற்கு முன் எந்த வண்ணத்தில் ஒளிந்திருந்தது?

சரி, பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போவோம், அங்கே பணக்காரர்களுக்கும் தாங்கள் அநீதி இழைக்கத் தயங்கவில்லை என்று நிரூபிக்க. 2000-ல் டைடல் பார்க். தொடர்ந்து சிறுசேரி வரை கண்ணாடிக் கட்டடங்கள். பிறகு ஆறு வழிச் சாலை, அதற்குச் சுங்கச்சாவடி. பிறகு அடுக்குமாடிகள். பிறகு அடுக்குமாடிகளின் கார்கள். இவ்வளவும் முடிந்து, சாலை மூச்சு முட்டி நின்ற பிறகு, அந்தச் சாலையின் நடுவைத் தோண்டி மெட்ரோ கட்டுகிறோம் என்று 2021-ல் நான்கு சுங்கச்சாவடிகளில் வசூலை நிறுத்தினீர்கள். ரயிலை முதலில் போட்டு ஊரைப் பின்னால் வளர்த்திருந்தால் நிலம் மலிவாகக் கிடைத்திருக்கும், பாதிக் கார்கள் பிறந்தே இருக்காது. ஆனால் அப்படிச் செய்தால் இடையில் யார் சம்பாதிப்பது?

இந்த மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று தடம், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மூன்றாம் தடம் மாதவரத்திலிருந்து துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி போகும். அப்படியானால் கண்ணகி நகருக்குப் பக்கத்தில் ஒருவழியாக ரயில் வந்துவிடுமே என்று சிலர் மகிழ்கிறார்கள். பாவம், கொள்கையின் மூன்றாம் விதியை மறந்துவிட்டார்கள். ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய நிலத்தில் ஏழை குடியிருந்தால், அவர் ஆக்கிரமிப்பாளராகவோ, இடிந்துவிழும் கட்டடத்தில் வசிக்கும் ஆபத்தானவராகவோ ஆகிவிடுவார். அடுத்த சதுப்பு நிலம் எதுவென்று இப்போதே பார்த்து வையுங்கள்.

வந்துவிட்ட மெட்ரோவுக்குத் தாங்கள் செய்யும் மரியாதையும் சாமானியமல்ல. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை அண்ணா சாலைக்கு அடியில் 2018 முதல் மெட்ரோ ஓடுகிறது. அதன் தலைக்கு மேலே, அதே தூரத்துக்கு, 3.2 கிலோமீட்டர் மேம்பாலம் கட்ட 2024-ல் அடிக்கல் நாட்டினீர்கள், 621 கோடி. கீழே ‘காரை விட்டுவிட்டு வா’ என்று ஒரு அரசு, மேலே ‘காரை எடுத்துக்கொண்டு வா’ என்று ஒரு அரசு. இரண்டும் ஒரே அரசு. சுரங்கத்தின் மேல் பாரம் ஏறாமல் பாலத்தைத் தாங்கும் பொறியியலைக் கண்டுபிடித்த பொறியாளர்களுக்குக் கும்பிடு. அந்தப் பாலம் எதற்கு என்று கேட்கும் நாக்கைத்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கேட்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறதே என்பீர்கள். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் கும்டா. பேருந்து, புறநகர் ரயில், பறக்கும் ரயில், மெட்ரோ, சாலை, எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர 2010-ல் சட்டம் நிறைவேறியது. அந்த மேசையைச் சுற்றி முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். போக்குவரத்தை விரைவுபடுத்தும் அமைப்பு கூடுவதற்கே பன்னிரண்டு வருஷம். இப்போது ‘சென்னை ஒன்’ என்று செயலி தந்திருக்கிறார்கள், ஒரே டிக்கெட்டில் மூன்று வண்டியும் ஏறலாம். நல்லது. ஆனால் எந்த இடத்தில் எத்தனை மாடி, யாருக்கு வீடு, எங்கே பேருந்து முனையம், எந்தச் சதுப்பில் மறுகுடியமர்வு என்பதை எல்லாம் வேறு மேசைகள் முடிவு செய்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு மிச்சத்தைச் செயலியில் ஏற்றலாம்.

வெளிநாட்டில் பார்த்து வந்ததும் வீணாகவில்லை, புகைப்படங்கள் இருக்கின்றன. 1971-ன் திட்டத்திலேயே ரயில் தடத்தையும் குடியிருப்பு நகரங்களையும் ஒன்றாக வரைந்த சிங்கப்பூர். ரயில் நிறுவனமே நிலையத்தின் மேல் வீடு கட்டி விற்று அந்தப் பணத்தில் ரயில் விடும் ஹாங்காங். 1974-லிருந்து தனித்தடத்தில் பேருந்து விட்டு, அந்தத் தடத்தையொட்டி மட்டும் உயரக் கட்டிடங்களை அனுமதித்த பிரேசிலின் குரிட்டிபா. அவ்வளவு தூரம் போவானேன், மாம்பலம் போகலாம். தியாகராய நகர் மனைகள் 1920-களில் ரயில் நிலையத்தின் பக்கத்தில் பிரிக்கப்பட்டன. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அந்தத் தண்டவாளத்தின் இருபுறமும் வளர்ந்தன. இன்றும் அந்த ரயிலில் கால் வைக்க இடமில்லை. அங்கே ரயிலையும் ஆளையும் பிரிக்கத் தவறியது முந்தைய தலைமுறையின் பிழை. அதைத் தாங்கள் திரும்பச் செய்யவில்லை.

இப்போது புதிய மந்திரம் ஒன்று காதில் விழுகிறது: மெட்ரோ தடத்தில் தளப்பரப்புக் குறியீட்டை (மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை) உயர்த்து, உயரமாகக் கட்டு, எல்லாரும் ரயிலில் ஏறிவிடுவார்கள். பாதி உண்மை. ஏற்கெனவே 2019 விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு 2, அடுக்குமாடிக்கு 3.25, சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி இன்னும் கூடுதல் என்று வைத்திருக்கிறீர்கள். மாடி உயர்ந்தது, யாருக்கு? ‘மெட்ரோவுக்கு மூன்று நிமிட நடை’ என்று முதல் வரியில் விளம்பரம், ‘வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்தம்’ என்று அடுத்த வரி. கோடிகளில் விலை. அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்க வருகிறவர் பெரும்பாக்கத்திலிருந்து வருவார். ரயிலின் பக்கத்தில் ரயில் தேவைப்படாதவர், ரயில் தேவைப்படுகிறவர் ரயிலே இல்லாத இடத்தில். கூடுதல் மாடிக்கு அரசு பணம் வாங்குகிறது, ஏழைக்கு ஒரு மாடி கேட்க அதற்கு வாய் வரவில்லை.

இதுவரை எழுதியது பாராட்டு. இனி மனு.

ரயில் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் அரசுக்கு நிலம் இருந்தால் அதை விற்காதீர்கள், அங்கே சிறு வீடுகள் கட்டுங்கள், அந்த வீடுகளுக்குக் கார் நிறுத்தம் கேட்காதீர்கள். கூடுதல் மாடி கேட்டு வரும் தனியாரிடம் அதில் ஒரு பங்கைக் குறைந்த வாடகை வீடாகக் கேளுங்கள், பணமாக வாங்கிக் கணக்கில் போடாதீர்கள். ஒரு குடும்பத்தை இடம் மாற்றியே தீரவேண்டுமென்றால், பழைய வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்துக்குள் மாற்றுங்கள். ரயில் இல்லாத இடத்தில் பேருந்து முனையம் திறக்காதீர்கள், ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் அவ்வளவு அவசரமாக இருந்தால் வேறு எதையாவது வெட்டுங்கள். பெரிய கட்டட அனுமதி எதுவும் கும்டாவின் கையெழுத்து இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று சட்டத்தைத் திருத்துங்கள். அதற்கு இன்னொரு பன்னிரண்டு வருஷம் கேட்காதீர்கள்.

மூன்றாம் முழுமைத் திட்டம் வெளியாகும் நாளில் அதன் முன்னுரையையும் அமைச்சர் படத்தையும் நான் பார்க்கப் போவதில்லை. வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு மெட்ரோ நிலையத்தைச் சுற்றியும் அரை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுவேன். வீட்டு வேலை செய்கிற, தெருப் பெருக்குகிற, தள்ளுவண்டி தள்ளுகிற ஒரு குடும்பத்துக்கு அந்த வட்டத்துக்குள் வாடகை கொடுக்கக் கட்டுப்படியாகும் வீடு இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அது திட்டம். இல்லாவிட்டால் அது அரசு முத்திரை குத்திய மனை விற்பனை விளம்பரம், அதற்கு மக்கள் வரிப்பணத்தில் 63,246 கோடி ரூபாய் செலவு.

இப்படிக்கு,
பேருந்துப் பயணி.